வேலிக்குள் இலை குறைவு

நவம்பர் 11

இலையெல்லாம் விரிந்துவிட்டது. கேமராவை வானம் பார்க்க வைத்து, என் தலை படத்தில் விழாதபடி மண்ணில் படுத்துக்கொண்டு எடுத்தேன். மேலே இருக்கிற காடு முழுவதும் ஒரு வட்டத்துக்குள் வந்துவிடும். கறுப்பு இலை, வெள்ளை வானம். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல் எத்தனை சதுர மீட்டர் இலை என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்லும். யாரும் பொறுக்காதபடி சோதனைக்காகப் போட்ட எங்கள் சிறிய வேலிக்குள்ளும் வெளியிலும் இன்று ஏறக்குறைய ஒரே எண்.

பெண்கள் தின்னவும் விற்கவும் மரத்துப் புழுவைப் பொறுக்கும்போது கிளைகளை வெட்டுவதால்தான் காடு மெலிகிறது என்பது சில்வாம்பா டாக்டரின் வாதம். தலைநகர் லுசாக்காவில் உட்கார்ந்துகொண்டு இந்த ஆய்வை நடத்துபவர் அவர்தான். என் எண்கள் அவர் சொன்னபடி வந்தால் காடு முழுக்க வேலி போட்டுவிடுவார்கள். கம்பிவலைச் சுருள்கள் எங்கள் ஆய்வு நிலைய முற்றத்தில் வந்து இறங்கியாயிற்று. எண் வருமுன்னே கம்பி!

காத்தோங்கோ அக்கா புழு விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். என்னையும் அப்படித்தான் படிக்க வைத்தாள்.

நவம்பர் 19

பொறுக்கலாம் என்று ஊர்த்தலைவர் அறிவித்துவிட்டார். காடெல்லாம் ஒரே சிரிப்பும் கூச்சலும். அக்கா வாளியோடு வேலிப் பக்கம் வந்து நின்றாள்.

"ஏன்டி முத்தாலே, உள்ள பாரு, எப்படிக் கொழுத்துத் தொங்குது! பூட்டைத் தொறயேன்."

"சாவி என்கிட்ட இல்லக்கா."

"அப்ப நீயும் உன் டாக்டரும் அண்ணாந்து பாத்துக்கிட்டே கிடங்க."

நவம்பர் 28

மறுபடியும் படம் எடுத்தேன். வேலிக்கு வெளியே இலை கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. உள்ளே வெறும் குச்சி. வட்டம் முழுக்க வானம்.

தலைகீழாக இருக்கிறதே?

போனில் டாக்டர்: "மெமரி கார்டை மாத்திப் போட்டுட்டீங்களா? உங்க அக்காவும் புழு பொறுக்கறவங்கதானே?"

மாற்றிப் போடவில்லை என்றேன். அவர் விடவில்லை: "ஆதாரம் குடுங்க. இல்லேன்னா இந்தப் படங்களைச் சேர்த்துக்க மாட்டேன்."

நவம்பர் 29

என்னைத் திருடி என்கிறார். லுசாக்கா ஓட்டலில் இதே புழுவைப் பொரித்துத் தட்டில் வைத்தால் கூச்சப்படாமல் தின்கிறவர்!

நவம்பர் 30

உதிரும் இலையைப் பிடிக்க மரத்தடியில் வலைத்துணி கட்டியிருக்கிறோம். அதில் விழுவதை இலை, சுள்ளி என்று பிரித்து எடைபோட வேண்டும். மீதி 'தூசி', கொட்டிவிட வேண்டும் என்பது டாக்டர் போட்ட விதி. இந்த மாதம் அள்ளி வைத்த பைகளை இன்னும் பிரிக்கவில்லை. இன்று திறந்தேன். உள்பக்கத்துப் பையில் இலையே இல்லை. கடுகுபோலக் கரும்பச்சை உருண்டைகள், கை கொள்ளாமல்.

தூசியா இது? புழுவின் எச்சம். அதாவது, தின்ற இலை.

அப்படியானால் — எச்சத்தை எடைபோட்டால் தின்ற இலையின் பரப்பு தெரியாதா?

டிசம்பர் 1

புழு தின்னும் முத்தோண்டோ மரத்து இலைகளைக் கட்டத்தாளில் வைத்து வரைந்தேன். பிறகு எண் எழுதிய டப்பாக்களில் புழுக்களோடு போட்டேன். மிச்சத்தைத் திரும்ப வரைய வேண்டும், எச்சத்தைக் காயவைத்து நிறுக்க வேண்டும். விஷயம் கேள்விப்பட்ட அக்கா, "படிச்சு முடிச்சு, இப்ப புழு பேண்டதை நிறுக்கறா" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

டிசம்பர் 3

நிலையக் காவலர் கபாசோ என் புழுக்களைப் பொரித்துத் தின்றுவிட்டார்.

"டப்பாவுல நம்பர் எழுதியிருந்துச்சே!"

"ஒண்ணாம் நம்பர்தான் மேடம் ருசி."

மறுபடியும் முதலிலிருந்து.

டிசம்பர் 7

இரண்டாவது தடவை டப்பாக்களைக் கட்டிலுக்கடியில் வைத்துக் காத்தேன். இன்று கணக்குப் பார்த்தேன். உள்பக்கத்து எச்சம் சொல்லும் இலைப் பரப்பையும் படத்தில் மிஞ்சிய இலையையும் கூட்டினால், நவம்பர் 11-இல் இருந்த எண்ணை நெருங்கி வருகிறது! எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். வெளியே பெண்கள் புழுவை எடுத்துவிட்டதால் இலை தப்பியது. உள்ளே எடுக்க ஆளில்லை, மரம் மொட்டை. வேலி காப்பாற்றியது புழுவைத்தான்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. வெளியே ஒரு மரம் வெட்டிக் கிடக்கிறது. படத்தில் அந்த இடத்தில் ஓட்டை.

"கிளை எட்டல. வெட்டினோம்" என்றாள் அக்கா. "அதையுமா எழுதுவே?"

"எழுதலேன்னா நான் ஏமாத்தறேன்னு அவர் சொன்னது நிஜமாயிடும்."

"போடி. சோறு போட்ட கையை எழுதிக் குடுக்கறவ நீ."

அதையும் சேர்த்தே டாக்டருக்கு அனுப்பினேன்.

டிசம்பர் 8

என்னைக் கண்டதும் அக்கா வாளியோடு வேறு பக்கம் திரும்பி நடந்தாள்.

டிசம்பர் 10

டாக்டர் வந்தார். பூட்டைத் திறந்து, மொட்டை மரங்களுக்கடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். சட்டைக் காலரில் எச்ச உருண்டை விழுந்தது. தட்டிவிட்டுக்கொண்டே, "மரம் வெட்டினதை எழுதாம விட்டிருந்தா உங்களை நம்பியிருக்க மாட்டேன்" என்றார். மன்னிப்பு? அதெல்லாம் அவர் வாயில் வராது. காரில் ஏறும்போது கேட்டார்: "மிச்சமிருக்கற புழுவைப் பொறுக்க யாராவது வருவாங்களா?"

சாவி இப்போது என்னிடம் இருக்கிறது.

டிசம்பர் 13

அக்கா வீட்டு வாசலில் நான்கு கல், கல்லின்மேல், காட்டு வேலிக்காக நிலைய முற்றத்தில் இறங்கிய கம்பிவலையில் ஒரு துண்டு, அடியில் தணல். வேலிக்குள் பொறுக்கிய புழுக்கள் அதன்மேல் வறுபடுகின்றன. வலையைத் தோளில் தூக்கி வந்து கொடுத்தவர் கபாசோவாம்.

அக்கா ஒரு கிண்ணம் நிறைய அள்ளி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

"அடுத்த வருஷம் எட்டாத கிளைக்கு நீதான் ஏறணும்."

சரி என்றேன்.