மீனுக்கு இடம் கிடைத்துவிட்டது

அம்மா,

கிறிஸ்துமஸ் விடுமுறைக்காக எங்கள் விடுதியைச் சனிக்கிழமை மதியம் பூட்டுகிறார்கள். ஃப்ரிட்ஜைக் காலி செய்ய வேண்டும், குப்பையைக் கொட்ட வேண்டும், ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது. முதல் வருடம் முழுக்க விடுதியில்தான் தங்கியாக வேண்டும் என்று கையெழுத்து வாங்கியவர்களும் இவர்களேதான்!

இங்கே மீன் மட்டும்தான் வளர்க்கலாம். விடுமுறையில் அதையும் விட்டுப்போகக் கூடாதாம். எங்கள் மாடிக்குப் பொறுப்பான சீனியர் டெலானி வந்து என் மீன் தொட்டியைப் பார்த்தாள்.

"இந்தப் பயல நான் கொண்டுபோறேன். எங்கம்மா என்னைவிட இவனைத்தான் நல்லா கவனிப்பாங்க, பாரு. ஆமா, நீ எங்க போற?"

"அம்மா வீட்டுக்குத்தான். வேற எங்க?" என்றேன்.

வெஸ்ஸின் பையன்கள் இருவருக்கும் என் அறையைக் கொடுத்துவிட்டதாக, உனக்கும் அவருக்கும் கல்யாணம் முடிந்த வாரம் எழுதியிருந்தாய். நல்லது. ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு கால் ஆடும். அட்டையை மடித்து அடியில் வைக்கச் சொல்.

விடுமுறையில் எங்கே இருப்பேன் என்று படிவத்தில் எழுதாமல் விடமாட்டார்கள். உன் விலாசத்தை எழுதிவிட்டேன். விடுதி அலுவலகத்திலிருந்து யாராவது போன் செய்தால், நான் குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடு.

உன் மகள்