சடைக்காரியின் பெஞ்சு

ஆடி 20, செவ்வாய்

காற்று. காலையிலிருந்து ஒரே புழுதி. தெளித்த வாசல் காய்வதற்குள் மண் படிந்துவிட்டது. கொடியில் போட்ட துண்டு பக்கத்து வீட்டு மொட்டை மாடியில்.

தலை குளித்த நாள். மூன்று சடையும் உள்வரை காய மாலையாகும். சீயக்காய் தீர்ந்தது. வாங்க: சீயக்காய், சாம்பிராணி, மின்விசிறிக்கு கண்டன்சர்.

விருதுநகரிலிருந்து போன். கனகா. ஒன்பதும் பத்தும் என்னோடு படித்தவள், டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் செட் பெண்கள் எல்லோரும் வருகிற ஞாயிறு ஒரு மண்டபத்தில் கூடுகிறார்களாம். என் நம்பரை யாரிடமோ பிடித்திருக்கிறாள்.

"நல்லாயிருக்கீகளா? நீங்க கட்டாயம் வரணும். உங்க கையால குத்துவெளக்கு ஏத்துனாத்தான் எங்களுக்கு நிறைவு."

கூடப் படித்தவள். என்னைவிட மூத்தவள். என்னைப் போய் நீங்களாம்.

சடை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் "ஆத்தா" என்று மெதுவாகச் சொல்வது கேட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பாள், எனக்குத் தெரியாதா.

வர முடியாது என்று சொல்லிவிட்டேன். வைப்பதற்கு முன்னால் மல்லிகா வருகிறாளா என்று கேட்டேன். எதற்குக் கேட்டேனோ.

ஆடி 21, புதன்

காற்று நிற்கவில்லை. அச்சாபீஸ் வேலைக்குப் போனேன். சிவகாசி முழுக்கக் காலண்டர் சீசன். பைண்டிங்கில் தாள் அடுக்க ஆள் போதவில்லை என்றால் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வயது பார்ப்பதில்லை, நானும் சொல்வதில்லை.

புதிதாகச் சேர்ந்த பெண், எம். புதுப்பட்டிக்காரி, காலையிலிருந்து என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் கேட்டேவிட்டாள்.

"யக்கா, இது தானா வந்துச்சா, பார்லர்ல போட்டதா?"

இப்போது சின்னப் பையன்கள் பார்லரில் உட்கார்ந்து இதைப் போட்டுக்கொள்கிறார்களாம். போனில் படம் காட்டினாள். சிரிப்பு வந்தது, பிறகு கோபம். நான் பட்டதெல்லாம் பட்ட பிறகு இது ஃபேஷனா?

தானாக வந்ததுதான். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் டைபாய்டு. படுத்த படுக்கை. தலையில் சீப்பு படவில்லை. எழுந்து உட்கார்ந்தபோது முடி சிக்கித் திரண்டு கயிறாகிக் கிடந்தது. நடுவில் ஒன்று பருமன், காதுப்பக்கம் இரண்டு மெல்லிசு. அம்மா பூசாரியிடம் காட்டினாள். அம்மன் இறங்கியிருக்கிறாள், கத்தி படக்கூடாது என்றார். கம்பவுண்டர் எண்ணெய் தேய்த்து வெட்டிவிடு என்றார். என்னை யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் விதி: ரெட்டைப் பின்னல், பச்சை ரிப்பன். காதுப்பக்கத்துச் சடை இரண்டின் நுனியிலும் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு போனேன். பெரிய டீச்சர் பிரேயரில் நிறுத்திக் கேட்டார், பின்னல் எங்கே என்று. ரிப்பன் இருக்கு டீச்சர் என்றேன். சுத்தமாக வா என்று மட்டும் சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷி. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஆனால் மற்றவர்கள் சாமியில் கை வைக்க மாட்டார்.

பிள்ளைகள்தான். எலிக்கூடு. விளக்குமாறு. பேன் பண்ணை. சடைச்சி என்பது நிலைத்துவிட்டது. பின்னாலிருந்து சாக்பீஸ் துண்டு எறிவார்கள், சடையில் தங்குகிறதா என்று பார்க்க. தங்கும். வீட்டுக்குப் போய் உதறினால் விழும்.

நான் வைத்திருந்த வழிகள்:
அழக்கூடாது. அழுதால் மறுநாளும் எறிவார்கள்.
சாக்பீஸைச் சேர்த்து வைத்து வீட்டுச் சுவரில் கணக்குப் போடுவது.
ரொம்பப் பேசினால் அடி. கனகா முதுகில் ஒன்று வைத்திருக்கிறேன். இன்று "நீங்க" என்கிறாள், மறந்துபோயிருக்கும்.

ஆடி 22, வியாழன்

கண்டன்சர் வாங்கி மாட்டினேன். மின்விசிறி ஓடுகிறது, நானே மாட்டியது. எலக்ட்ரீஷியன் பையன் இரண்டு நாளாக வருகிறேன் வருகிறேன் என்று வரவில்லை. வரவேண்டாம்.

நேற்று எழுதியதில் மல்லிகாவை விட்டுவிட்டேன்.

என் பெஞ்சு. நான்கு பேர் உட்காருவது. சடையோடு போன முதல் நாள் இரண்டு பேர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். மல்லிகா போகவில்லை. கேட்காமல் கொள்ளாமல் சடையைப் பிடித்துப் பார்த்தாள். "தேங்கா நாரு கணக்கா இருக்கு ட்டி" என்றாள். அவ்வளவுதான். கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கோடவுனில் மிளகாய் வத்தல் மூட்டை இறக்கினால் வகுப்பே தும்மும். டீச்சரும் தும்முவார். மல்லிகா தும்மல் வராமலே தும்முவாள், பாடம் நிற்கட்டும் என்று. அவள் தம்ளரில் நான் தண்ணீர் குடித்தேன், என் டப்பாவில் அவள் சாப்பிட்டாள். கத்தரிக்காய் என்றால் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடியைத் தள்ளிவிடுவாள். சாத்தூர் சேவு பொட்டலம் என்றால் பிரிப்பதற்கு முன்பே கை வந்துவிடும். அந்த ஒரு வருஷம். இன்று நினைத்தாலும் அந்த மிளகாய் நெடி மூக்கில் ஏறுகிறது, அது எனக்கு இனிக்கிறது.

தையல் வகுப்பு. கத்தரிக்கோல் அவள் கையில். உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போமா என்று காதுப்பக்கத்துச் சடை நுனியில் சுண்டுவிரல் அளவு வெட்டிவிட்டாள். உள்ளே ஒன்றுமில்லை, முடிதான். இரண்டு பேரும் சிரித்தோம். ரிப்பனை ஏற்றிக் கட்டிக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரியாது.

அது பங்குனி. அடுத்த வாரம் மல்லிகாவுக்கு அம்மை போட்டுவிட்டது.

வெட்டியதை மூன்று பேர் பார்த்திருந்தார்கள். பள்ளிக்கூடம் முழுக்கப் பரவ ஒரு இன்டர்வல் போதுமாக இருந்தது. மல்லிகாவின் அம்மா மஞ்சள் தண்ணியும் வேப்பிலையுமாக வந்து கேட்டில் என் காலில் விழுந்தாள். என் அம்மா வயது. "தெரியாமப் பண்ணிட்டா தாயி, பிள்ளைய விட்ரு." நான் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றேன். காலை இழுத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

மல்லிகா குணமாகி வந்தாள். கன்னத்தில் தழும்பு. என்னைப் பார்க்காமல் கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு சடைச்சி என்று ஒருத்தரும் கூப்பிடவில்லை.

ஆடி 23, வெள்ளி

தெருவில் கூழ். மைக் செட் விடியும் முன்பே. முதல் அகப்பை நான் ஊற்ற வேண்டும் என்று வருஷா வருஷம் வந்து நிற்கிறார்கள், வருஷா வருஷம் மாட்டேன் என்கிறேன். "சாமியம்மா கோவமா இருக்கு" என்று வேப்பிலை வைத்துவிட்டுப் போகிறார்கள். தெருவுக்கு நான் சாமியம்மா. இரா. பாக்கியலட்சுமி என்பது ரேஷன் கார்டுக்கு.

கேலியை அடித்துச் சமாளிக்கலாம். கும்பிட்டால் யாரை அடிப்பது?

என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அம்மைக்குப் பிறகு, பத்தாம் வகுப்பு முழுவதும். நான்கு பேர் இடத்தில் நான் ஒருத்தி. யாரோ பெஞ்சுப் பலகையில் குங்குமம் வைத்திருந்தார்கள், துடைத்தேன், மறுநாளும் இருந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் வரிசையாகப் பேனாவைக் கொண்டுவந்தார்கள், தொட்டுக் கொடு என்று. படிச்சா பாஸாவ, போடி என்று சொல்லிப் பார்த்தேன். அதையே வாக்கு என்று எடுத்துக்கொண்டு போய்ப் படித்துப் பாஸாகித் தொலைத்தார்கள்.

நானும் பாஸ்தான். நல்ல மார்க். சாமி இறங்கின பிள்ளைக்கு மேலே என்ன படிப்பு என்று அப்பா நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடம் நின்றது, படிப்பு நிற்கவில்லை. அச்சாபீஸ் கழிவுத் தாளில் இங்கிலீஷ் படித்தேன், சரித்திரம் படித்தேன், ஜோசியம் தவிர எல்லாம் படித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதுமில்லை.

மாலையில் கனகா மறுபடி. எல்லோரும் வருகிறார்கள், மல்லிகா மட்டும் சரியாகச் சொல்லவில்லையாம்.

"நீங்க வாறீகளான்னு கேட்டா. வரலன்னேன். சரின்னுட்டா. நீங்க வந்தா அவ என்ன செய்வான்னு தெரியல. யோசிக்கா போல."

இத்தனை வயதுக்கு மேலும் என்னைக் கண்டு பயமா அவளுக்கு?

வருகிறேன் என்று சொல்லு என்றேன். அவள் வந்தாலும் வராவிட்டாலும் வருகிறேன். ஒரு தடவை என் பக்கத்தில் உட்காரட்டும். ஒன்றும் ஆகாது என்று அந்தச் செட் முழுக்கப் பார்க்கட்டும். உட்காரமாட்டாள் என்றால் அதையும் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஆடி 24, சனி

சேலை: அரக்கா, பாசிப்பச்சையா? அரக்கு வேண்டாம், கோவில் நிறம். பச்சை.

தலையில் துண்டு சுற்றிக்கொண்டு போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வேண்டாம். வெட்டச் சொன்னவர்களுக்காகவும் வெட்டவில்லை, கும்பிட்டவர்களுக்குப் பயந்தும் வெட்டவில்லை. அம்மா போன பிறகு வெட்டியிருக்கலாம், தடுக்க ஆளில்லை. அதற்குள் இது என்னுடையதாகிவிட்டது. இதைத் தூக்கித் தூக்கித்தான் என் கழுத்து நிமிர்ந்தது.

கழுத்து வலிக்கு எண்ணெய். பஸ் காலையில் திருத்தங்கல் வழி.

ஆடி 25, ஞாயிறு

பஸ்ஸில் உட்கார இடம். வெயில், கூடவே காற்று.

மண்டப வாசலில் பேட்ஜ் குத்தினார்கள். கனகா, சரஸ்வதி, ஜெயராணி என்று வெறும் பேர். எனக்கு மட்டும் "பாக்கியம் அம்மா". கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

முன்னால் தனி நாற்காலி, சிவப்புத் துணி விரித்து. எனக்காம். உட்காரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் மூன்றாவதில் போய் நடுவில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்தார்கள், மரியாதைக்கு. கும்பிட்டார்கள். பிறகு உட்காரவேண்டியதுதானே, வேறு இடம் தேடிப் போனார்கள். முன்னாலும் காலி, பின்னாலும் காலி. பெஞ்சுதான் மாறியிருக்கிறது.

விளக்கேற்றக் கூப்பிட்டார்கள். கூட்டியது கனகா, அவளே ஏற்றட்டும் என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். ஒரு முணுமுணுப்பு. "கோவம் குறையல பாரு" என்று எவளோ.

பாதிப் பேச்சு நடக்கும்போது மல்லிகா. கையில் கட்டைப்பை, மூச்சு வாங்குகிறது, ஒரு காலைச் சாய்த்து நடை. உடம்பு பெருத்துவிட்டது. தழும்பை வைத்து அடையாளம். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். எல்லோரும் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் நேராக விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரிசைக்குள் வந்தாள். என் முட்டியில் அவள் பை இடித்தது.

"ஏட்டி, தள்ளி உக்காரு. எனக்கு ஃபேன் காத்து வேணும்."

அந்தப் பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, சுற்றி வா என்றேன். முட்டி வலி, சுற்ற முடியாது என்றாள். நின்றாள். நானும் அசையவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு கிழவிகள் முறைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் தள்ளினேன். என் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மைக் மறுபடி பேச ஆரம்பித்தது. அவள் மேடையைப் பார்த்தபடியே சொன்னாள். அவளுக்கு அம்மை வருவதற்கு முன்பே அவள் தெருவில் வீட்டுக்கு வீடு அம்மையாம். எதிர்வீட்டுப் பிள்ளையோடு விளையாடியவளாம். தன் அம்மாவிடம் சொன்னாளாம், செவிட்டில் ஒன்று வாங்கினாளாம்.

"தெரிஞ்சும் ஏன் வரல?"

"அம்மா சத்தியம் வாங்கிட்டா. அவ தலையில அடிச்சு. உன்கூடப் பேசுனா அவ தல வெடிச்சிரும்னு."

"பத்தாம் வகுப்பு முடிஞ்சு எம்புட்டு வருசமாச்சு?"

"அவ இருந்தால்ல. நான் நம்பலதான். அதுக்காக, பெத்தவ தலைய வச்சுச் சோதிச்சுப் பாக்கவா?" கட்டைப்பையைக் காலடிக்கு இழுத்துக்கொண்டாள். "போன தையில போய்ச் சேந்தா. கெடந்த நாள்ல நான்தான் பாத்தேன். கருமாதி முடிச்சு உன் நம்பரத் தேடுனேன், கெடைக்கல. நீ வாறன்னு கனகா சொல்லவும் பஸ் ஏறிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே, பேசக்கூடாது என்றுதானே சத்தியம் என்றேன். யோசித்துப் பார்த்தாள். "தோணல ட்டி" என்றாள்.

பந்தியில் என் பக்கத்து இலை. அவள் உட்கார்ந்ததைப் பார்த்து இன்னொரு பக்கம் கனகாவும் வந்து உட்கார்ந்தாள், கொஞ்சம் இடம் விட்டு.

ஆடி 26, திங்கள்

கழுத்து வலி. வேலைக்குப் போகவில்லை. காற்று குறைந்திருக்கிறது.

நேற்று என்னைச் சேர்த்த வாட்ஸப் குரூப்பில் போட்டோ வந்தது. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். மல்லிகாவும் நானும் ஒருத்தியை ஒருத்தி பார்த்து எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். கடுதாசி விஷயம்தான், போட்டோ எடுக்கும்வரை நடந்தது. கீழே எவளோ கைகூப்பும் படம் போட்டிருக்கிறாள். அவள் நம்பரை அழித்தேன். பிறகு குரூப்பை விட்டே வெளியே வந்தேன்.

மத்தியானம் மல்லிகா போன். வியாழக்கிழமை வருகிறாளாம், பேரனுக்கு இப்போதே பட்டாசு வாங்கி வைக்க. சிவகாசியில் எனக்கு வேறு யாரைத் தெரியும் என்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வா என்றேன். விடப்போவதில்லை. கடுதாசி பற்றி வியாழனும் கேட்பேன்.

கருவாட்டுக் குழம்பு வைக்கலாம். கருவாடு என்றால் கத்தரிக்காய் போட்டால்தான் ருசி. ஒன்பதாம் வகுப்பில் அவள் தொட மாட்டாள். இப்போது சாப்பிடுவாளோ என்னவோ.