முகப்புப் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டேன். தையல் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் என் சொந்த மனநல ஆலோசனை மையம். அதற்கு நீதான் வெப்சைட் செய்துதர வேண்டும். போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன்கா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் மெயில். என் பட்டங்கள், சிகிச்சை முறைகள், ஒரு சிரிக்கும் குடும்பப் படம், எல்லாம் இணைத்திருக்கிறேன். ஒன்றையும் விட்டுவிடாதே.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பட்டங்களைப் படித்து முடிப்பதற்குள் வந்தவருக்குக் குணமாகிவிடும். அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

இந்தப் பக்கத்தைத் திறப்பவர் ஆபீஸ் கழிப்பறையில் நின்றுகொண்டு போனில் பார்ப்பார். எந்த வாசல், மாடிப்படியில் தெரிந்தவர் யாராவது பார்ப்பார்களா, முதல் நாள் என்ன கேட்பார்கள், அழுதால் பரவாயில்லையா? முதலில் இதைச் சொல். போனில் குரல் வராதவர்கள் எழுதி அனுப்ப ஒரு சின்னப் படிவம் வைக்கிறேன். அதில் 'உங்கள் பிரச்சினையை விவரிக்கவும்' என்று கேட்காதே. பெயரும் வசதியான நேரமும் போதும். குடும்பப் படம் வேண்டவே வேண்டாம். அதைப் பார்த்ததுமே மூடிவிடுவார்கள்.

வாலு

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடியே எல்லாம் எழுதிவிட்டேன். பக்கம் அருமை. ஆனால் பத்தொன்பது வருஷமாக இதே வேலையில் இருக்கும் எனக்கு இதெல்லாம் தோன்றவில்லையே. அந்தப் படத்தைப் பார்த்து மூடியது யாருடா?

அக்கா

மார்ச் 21

அக்கா,

நான்தான். அவள் என்னை விட்டுப் போன மாதம். ஒன்பது டாக்டர்களின் பக்கங்களைப் பார்த்தேன். ஒன்றில் படிவத்தை முழுக்க நிரப்பிவிட்டு, அனுப்பாமல் மூடிவிட்டேன். அந்த வாரம்தான் நீ "எப்படிடா இருக்க?" என்று கேட்டாய். "சூப்பரா இருக்கேன்கா" என்றேன். ஊரார் மனசையெல்லாம் படிக்கிறவள், அதை நம்பிவிட்டாய். அந்தக் கோபத்தில்தான் நீ போன் பண்ணும்போதெல்லாம் 'மீட்டிங்' என்று வைத்தேன். இன்னும் சரியாகத் தூக்கமில்லை.

தம்பி

மார்ச் 22

கண்ணா,

நான் நம்பவில்லை. நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அன்றைக்கு ஏழு பேரைப் பார்த்து முடித்திருந்தேன், எட்டாவதாக நீ வேண்டாமென்று இருந்தது. இதற்கு மன்னிப்பு கேட்டால் போதாது, ஆனாலும் கேட்கிறேன்.

உனக்கு நான் வைத்தியம் பார்க்க முடியாது. என்னோடு படித்தவர் ஒருவர் உன் ஊரில் இருக்கிறார். வியாழன் நான்கு மணிக்கு நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். காலை வண்டியில் வந்து, வெளியே உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் கேட்க மாட்டேன். உனக்கு வேண்டாமென்றால் ஒரு வரி எழுது, திட்ட மாட்டேன்.

அக்கா

மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். உள்ளே பாதி நேரம் உன்னைத்தான் திட்டினேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஐந்து மணிக்கே வெளியே வந்துவிட்டேன். நீ வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்ப மனம் வரவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இத்தனை மாதமும் வராத அழுகையை அழுது முடித்தேன். டாக்டர் தாமதமாக்கியதால்தான் உன் ரயில் தவறிப்போனது என்று நான் சொன்னது பொய்.

அடுத்த வியாழனும் போகிறேன். அதற்கு நீ வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சும்மா வா.

உன் தம்பி