லேபிளுங்க, நான் பீஸைக் கேட்டனுங்க

இன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் புது டி-ஷர்ட் கொடுத்தார்கள். கவரைப் பிரித்ததும் அயர்ன் போட்ட பனியன் துணியின் வாசம். திரையும் ஏசி இரைச்சலும் எங்கோ நழுவிப் போக, அருள்புரம் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் உன் எதிரே நின்றுகொண்டிருந்தேன். ஜன்னல் வெயிலில் பஞ்சு மிதக்கிறது. உன் புருவத்திலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. தட்டிவிடச் சொன்னால் சிரிக்கிறாய்.

நான்கு நாள் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. என் கைகள் அதை நம்பவில்லை போல. சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைத் தடவிக்கொண்டிருந்தன.

டிகிரி முடித்துவிட்டு அந்த மேசையில் தைத்த பீஸ்களில் குறை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வீட்டில் ஒரு வருடம்தான் விட்டிருந்தார்கள். அதற்குள் சாப்ட்வேர் வேலை, இல்லையென்றால் கல்யாணம். தப்பான கோர்ஸில் சேர்ந்தால் அந்த வருடம் போச்சு. "ஞாயித்துக்கெழம நானும் வாரேன் புள்ள" என்றாய்.

முதலில் போன கம்ப்யூட்டர் சென்டரில் கண்ணாடிக் கதவு, சுவர் நிறையச் சிரித்த முகங்கள். மூன்றே மாதத்தில் ஆறு கம்ப்யூட்டர் மொழிகளாம். நான் மயங்கி, சேர்க்கைப் படிவத்தை நிரப்பப் பேனாவை எடுத்துவிட்டேன். நீ குறுக்கே புகுந்தாய்.

"ஏனுங்க, இங்க படிச்சவங்க செஞ்சது ஒண்ணு காட்டுங்க."

மேசையில் இருந்த அம்மா பளபளக்கும் சர்டிபிகேட்டை நீட்டினார்.

"இது லேபிளுங்க. நான் பீஸைக் கேட்டனுங்க."

எனக்கு மானமே போயிற்று. படியிறங்கும்போது, "பத்தாவதோட நின்னவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று வெடித்தேன். நீ கோபப்படவில்லை. "சாம்பிள் பாக்காம எந்த பையர் ஆர்டர் குடுப்பான் புள்ள?" என்றாய்.

அடுத்தது பல்லடத்தில் ஒரு மாடி அறை. மின்விசிறி கிறீச்சிட்டது. நீ கேட்டதும் அங்கே பாடம் நடத்தும் சார் ஒரு மாணவி செய்த ஸ்டாக் கணக்குப் புரோகிராமைத் திறந்துவிட்டார். எண் போட வேண்டிய கட்டத்தில் நீ உன் பெயரைத் தட்டினாய். திரை உறைந்தது. அவர் சிரித்துவிட்டார்.

"நாளைக்கு இத அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துச் சரிபண்ணச் சொல்லுவனுங்க. இங்க பாதி நாள் அந்த வேலதானுங்க."

"இங்க தப்பான பீஸச் சரிபண்ணி ஆல்ட்டர் பாக்கக் கத்துத் தாராங்க, சேந்துக்கோ" என்று என் காதில் கிசுகிசுத்தாய். சேர்ந்தேன். பதினோராம் மாதம் வேலை கிடைத்தது. அடுத்தவர் எழுதிய மென்பொருளைத் தப்பும் தவறுமாகத் தட்டிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை. எந்தக் கோர்ஸும் படிக்காமல் அன்றைக்கே நீ செய்தாயே, அதேதான்.

உன்னிடம் ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்கவே இல்லை. அன்று நாம் கிளம்பும்போது அந்த சார் உன்னைப் பார்த்து, "நீங்களும் சேந்துக்கறீங்களா?" என்று கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். உனக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்: "இல்லீங்க, இவ சும்மா தொணைக்கு வந்தா."

நீ குனிந்து செருப்பைத் தேடினாய். என்னை மன்னித்துவிடு. அந்தப் பார்வைக்குச் சொல்ல வேண்டிய "நீயும் சேந்துக்கோ" என்ற பதில் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.