குடியின் பெயர்

பேர்கன், நோர்வே
2024 பெப்ரவரி 11

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மகள் அஸ்னாவின் கலியாணப் பேச்சு சரிவந்ததைக் கேட்ட சந்தோசத்தில் இங்குள்ள குளிரே தெரியவில்லை. நம் ஊர்த் தாய்வழிக் குடிகளையும், மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே கொண்டுவந்து வைக்கும் வழக்கத்தையும் பற்றிய என் ஆய்வு தேறிவிட்டது. இணையத்திலும் போட்டுவிட்டார்கள்.

மானிடவியல் என்றால் மண்டையோடு அளக்கிறதா என்று கேட்டீர்களே, முன்பு அதுவும் நடந்ததுதான். முதலில் வந்தவர்கள் வீட்டுக் கதிரையை விட்டு எழும்பாமலே உலகத்துச் சனங்களை மேல், கீழ் என்று அடுக்கினார்கள். தாய்வழிக்காரர் நாம் அதில் அடித்தட்டு. அடுத்து வந்தவர்கள் ஊர்களில் போய்த் தங்கி, ஒவ்வொரு வழக்கமும் சமூகத்தைத் தாங்குகிறது என்றார்கள். பிறகு ஒரு கூட்டம் எல்லா வழக்கங்களுக்கும் அடியில் மனித மனத்தின் ஒரே அமைப்பைத் தேடியது. இப்போதுள்ளவர்கள், அடுத்தவரைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை என்று தங்களையே கேட்கிறார்கள். நான் இந்தக் கடைசிக் கூட்டம். அதனால்தான் உங்கள் எல்லாருடைய பெயரையும் மாற்றினேன்.

உங்கள் தங்கச்சி,
நுஸ்ஹா

கல்முனை
2024 ஏப்ரல் 20

நுஸ்ஹாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். போனில் கதைத்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பெருநாள் முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டார் அஸ்னாவை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் ராத்தா இங்கிலிஷ் டீச்சர். உன் ஆய்வைப் படித்திருக்கிறா. பெண்சாதி வீட்டில் விருந்தாளியாய் இருக்கப் பிடிக்காமல், ஒரு வருசம் சம்மாந்துறையில் இன்னொருத்தியோடு இருந்துவிட்டு வந்ததாக நீ எழுதின புருசன் யார் என்று அவவுக்குத் தெரியாதா? என் பெயரை மாற்றினாய், குடியின் பெயரை அப்படியே விட்டாய். வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால் என்றும் எழுதினாய்; அங்கே அந்தக் குடியில் வீடு எனக்கு மட்டும்தான். பெண் பேச வருகிறவர்கள் இங்கே முதலில் கேட்பது குடியை அல்லவா?

அஸ்னாவின் வாப்பா அந்த வருசம் கட்டாரில் இருந்தார் என்று சொல்லித்தான் அவளை வளர்த்தேன். இப்போது அவள் அவரோடு கதைப்பதில்லை. என்னோடும் சரியாகக் கதைப்பதில்லை.

உன் ராத்தா

பேர்கன்
2024 மே 2

அன்புள்ள ராத்தா,

அந்த அத்தியாயத்தை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டேன். ஆள் பெயர்தான் ஆபத்து, குடியை மாற்றினால் ஆய்வு பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். ஆனாலும் நீங்கள் சம்மதித்த பிறகுதானே பதிவு செய்தேன்? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன். அஸ்னாவிடம் நானே கதைக்கிறேன். கோபிக்காதீர்கள்.

நுஸ்ஹா

கல்முனை
2024 மே 19

நுஸ்ஹாவுக்கு,

ஓம், சம்மதித்தேன். உம்மா மௌத்தாகி அடக்கம் செய்த கிழமை உன் மடியில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்ததும் தெரியும். என் தங்கச்சி கேட்கிறாள் என்று தலையாட்டினேன். அது நீ சொன்ன எந்தக் கூட்டத்துக்குள் வரும் என்று எனக்குத் தெரியாது. கதிரையில் இருந்து எழுதினவர்களாவது எங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

பெருநாளைக்கு வா. வராதே என்று சொல்ல மனம் கேட்கவில்லை. முன்னறையில் இருத்தித் தேத்தண்ணியும் வட்டிலப்பமும் தருவேன். குசினிக்குள், அடுப்படிப் பக்கம் மட்டும் வராதே. அங்கே நானும் மகளும் கதைத்துக்கொண்டிருப்போம்.

சிபானா