அளக்காத மூன்று செவ்வாய்கள்

இன்று காலை பச்சைமலை அடிவாரத்தில் வனக்காவலர் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வளையத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "மேடம், இது உங்களுதுங்களா? பன்னி நோண்டி வெளிய போட்டிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். விளிம்பு உடைந்திருந்தது. பக்கவாட்டில் நீல பெயின்டில் 'ஒன்பது' என்று எழுத்தில் இருந்தது. எண்ணாக எழுதினால் ஆறும் ஒன்பதும் தலைகீழாகக் குழம்பும் என்று பன்னிரண்டு வளையங்களிலும் எழுத்தால் எழுதியவள் நீ. "ஆமாங்க, எங்களோடதுதான்" என்றேன். 'எங்களோடது' என்று வாய் சொன்ன பிறகுதான், நீ போய் ஒன்றரை வருடமாகிறது என்பது உறைத்தது.

அந்த வளையங்களை மண்ணில் பாதி புதைத்தது நாம் இருவரும்தான். பெரம்பலூர் கல்லூரியில் ஒரே சாரிடம் ஒரே நேரத்தில் ஆய்வுக்குச் சேர்ந்தோம். வளையத்தின் மேல் மூடியைப் பொருத்திக் கருவியை இணைத்தால், மண்ணிலிருந்து எவ்வளவு கார்பன் காற்றுக்குப் போகிறது என்று எண்ணாகக் காட்டும். மண்ணின் மூச்சு என்போம் நாம். மரங்கள் காற்றிலிருந்து இழுத்து வைக்கும் கார்பனில் எவ்வளவை இந்த வறண்ட காடு வைத்துக்கொள்கிறது, எவ்வளவை மண் திருப்பி விட்டுவிடுகிறது, அதில் மழைக்கு என்ன பங்கு என்பதுதான் நம் கேள்வி. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த உன் அப்பாவைச் சொல்லி நீ சிரிப்பாய்: "எங்கப்பா அங்க சுண்ணாம்புக்கல்ல சுட்டு கார்பனை மேல அனுப்புறாரு. மக இங்க காட்டுல குந்திக்கிட்டு அதை எண்ணிக்கிட்டிருக்கேன்."

செவ்வாய் என் முறை, வெள்ளி உன் முறை. கருவி அடிவாரத்து அறையில் இருக்கும். சாவி ஆளுக்கு ஒன்று. அந்தப் பழைய கருவி எண்ணைக் காட்டுமே தவிரச் சேமித்து வைக்காது. நாம் நோட்டில் எழுதுவதுதான் கணக்கு.

கோடை முடியப்போகும் நேரம். நான்கு மாதமாக மழையில்லாமல் மண் செத்ததுபோலக் கிடந்தது. அந்த நிலையில் விழும் முதல் மழைக்காகத்தான் நாம் காத்திருந்தோம். காய்ந்து கிடக்கும் மண்ணில் தண்ணீர் பட்டதும் உள்ளே உறங்கும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்ளும். மண்ணின் மூச்சு சட்டென்று ஏறும். வருடத்துக்கு ஒருமுறைதான் அது அப்படித் துல்லியமாகக் கிடைக்கும்.

அந்தச் சமயத்தில்தான் என் அப்பா விழுந்தார். ஒரு பக்கம் கையும் காலும் வரவில்லை. செட்டிகுளத்திலிருந்து காரில் தூக்கிப்போட்டுத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம்; தம்பி வெளிநாட்டில். நான்தான் இருந்தேன். சாரிடம், வீட்டில் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன், செவ்வாய் மட்டும் காட்டுக்குப் போய்க்கொள்கிறேன் என்றேன். உன்னிடமும் அதையே சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கல்யாணமாகி ஒரே வருடத்தில் தனியாகத் திரும்பி வந்தவள் நான். "பாவம், அவளுக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு" என்று இன்னொரு முறை யாரும் சொல்லக் கேட்கக் கூடாது என்றிருந்தது.

முதல் செவ்வாய் போக முடியவில்லை. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் நோட்டை வைத்து, போன வாரத்து எண்களைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிப் பன்னிரண்டு வளையத்துக்கும் எழுதினேன். மண் காய்ந்துதானே கிடக்கிறது, பெரிதாக என்ன மாறிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது செவ்வாயும் அப்படியே. மூன்றாவது செவ்வாய்க்கு அந்தச் சமாதானம்கூடத் தேவைப்படவில்லை. கை தானாக எழுதியது. மூன்று பக்கங்களையும் அந்தந்த வாரமே போனில் படமெடுத்து சாருக்கு அனுப்பினேன்.

அந்த மூன்றாவது செவ்வாய்க்கு முதல் நாள் சாயங்காலம்தான் பச்சைமலையில் மழை கொட்டியிருக்கிறது. திருச்சியில் ஒரு சொட்டு இல்லை. எனக்குத் தெரியாது.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டு, அடுத்த வாரம் கல்லூரிக்கு வந்தேன். நீ ஆய்வகத்தில் இருந்தாய். மேசை முழுக்கக் கண்ணாடிப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் நம் வளையங்களுக்குப் பக்கத்தில் தோண்டிய மண். தண்ணீர் தெளித்து, மூடி, அளந்துகொண்டிருந்தாய். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"ஏய், வந்துட்டியா! நீ அனுப்பின செவ்வாய்க்கிழமை பக்கத்தை சார் காட்டினாருடி. மழை பேஞ்ச மறுநாளும் மண்ணு மூச்சே விடல. வெள்ளிக்கிழமை நான் போறப்பகூட தூக்கலாத்தான் இருந்துச்சு. செவ்வாய் மட்டும் ஏன் தூங்குச்சு? நாலு நாளா இதான் வேல. பாட்டில்ல தண்ணி தெளிச்சா உடனே எந்திரிச்சுக்குது. காட்டுல மட்டும் எந்திரிக்கல. ஏதோ இருக்குடி. புதுசா ஏதோ இருக்கு."

"கருவி தப்பாக் காட்டியிருக்கும்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை சரியாத்தான காட்டுச்சு? உன் அளவு தப்பா இருக்காது. நீ ஒவ்வொண்ணையும் மூணு தடவ பாப்பியே. மண்ணுலதான் ஏதோ இருக்கு."

நீ சந்தேகப்பட்டிருந்தால் நான் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். என் எண்ணை நம்பி, நான்கு நாள் மண்ணைக் குற்றவாளியாக நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"நான் போவல. மூணு செவ்வாயும் போவல. எல்லாம் நானா எழுதினது."

கையிலிருந்த பாட்டிலை மெதுவாக மேசையில் வைத்தாய். குழாயைத் திறந்து கையைக் கழுவினாய். கழுவிக்கொண்டே இருந்தாய். பிறகு, திரும்பாமலேயே கேட்டாய், "எங்க போன?"

சொன்னேன். நீ அழுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"மூணு வாரமா அப்பாவை ஆஸ்பத்திரில வெச்சுக்கிட்டு இருந்திருக்க. எங்கிட்டகூடச் சொல்லல. ஒரு போன் போட்டிருந்தா செவ்வாயும் நானே போயிருப்பேன்ல? நான் என்ன அந்நியமா?"

எண்களைப் பற்றி அன்று நீ ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு சார்கிட்ட நீயே சொல்லிடு. நான் கூட வரேன்" என்றாய்.

சார் கேட்டுவிட்டு நோட்டை மூடி வைத்தார். "முதல் மழை போச்சு. இனிமே அடுத்த வருஷம்தான். உனக்கு மட்டும் இல்ல, இந்தப் பொண்ணுக்கும் சேத்துத்தான்" என்றார். அரியலூரில் ஒரு கல்லூரியில் உனக்காக விரிவுரையாளர் வேலை காத்திருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆய்வை அந்த வருடமே முடித்திருந்தால் கிடைத்திருக்கும். அது வேறொருவருக்குப் போனது. நீ அதைப் பற்றி என்னிடம் கடைசிவரை பேசவில்லை. அந்த மூன்று பக்கங்களிலும் என் எண்களைக் குறுக்கே அடித்து, 'அளக்கவில்லை' என்று என்னையே எழுத வைத்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை பாடாலூரில் பஸ் மாறி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாய். அப்பாவின் வராத கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசினாய்.

அடுத்த வருடத்து முதல் மழையன்று விடிந்ததும் இருவருமே போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கி அறைவரை சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினோம். முதல் வளையத்தில் மூடியை வைத்ததும் எண் ஏறத் தொடங்கியது. நிற்கவே இல்லை. "பாருடி, பாருடி, எந்திரிச்சிருச்சு" என்று பிரசவ அறைக்கு வெளியே நிற்பவள்போலக் கத்தினாய்.

பத்து வருடம் கழித்து அதே திருச்சியில், வேறோர் ஆஸ்பத்திரியில், நீ படுத்திருந்தாய். வயிற்றில் வந்த கட்டி ஈரலுக்கும் பரவியிருந்தது. உன் வீட்டுக்காரர் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, "அல்சருன்னு சொல்லியிருக்கோங்க. தெரிஞ்சா தாங்க மாட்டா. நீங்களும் அப்படியே சொல்லுங்க" என்று கும்பிட்டார். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

நீ அவரை டீ வாங்கிவர அனுப்பினாய். "எல்லாரும் எங்கிட்ட நல்ல நம்பரா சொல்றாங்கடி. நீயாவது உள்ளதைச் சொல்லு" என்றாய்.

சொன்னேன். தலையணையை நிமிர்த்தி வைத்து எழுந்து உட்கார்ந்தாய். பிறகு, "அப்ப வூட்டுக்குப் போயிடுவோம். பாப்பாவுக்குப் பரீட்சை வருது" என்றாய். இரண்டு மாதம் வீட்டில் இருந்தாய். மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாய், நகையைப் பிரித்து வைத்தாய், உன் அம்மாவோடு பழைய சண்டை ஒன்றைப் பேசித் தீர்த்தாய். உன் வீட்டுக்காரர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றும் பேசுவதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் செய்தது சரியா என்று சில நாள் எனக்கே ஆட்டம் கண்டுவிடும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். போன மாதம் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. இரண்டு வாரம் காட்டுக்குப் போக முடியாது என்று தெரிந்தது. இப்போது என்னோடு வேலை பார்ப்பவர் புதிதாகச் சேர்ந்தவர், அதிகப் பழக்கமில்லை. போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். இத்தனை வயதிலும் கூச்சமாகத்தான் இருந்தது.

"சார், அம்மாவுக்கு முடியல. எனக்குப் பதிலா ரெண்டு வாரம் நீங்க போறீங்களா?" என்று கேட்டேன்.

"இதுக்கென்னங்க மேடம், நான் பாத்துக்கறேன். அம்மாவைக் கவனிங்க" என்றார் அவர்.