போனில் தூக்கிய கை

அன்பு மகள் மதுமதிக்கு அம்மா எழுதுவது. தினமும் போனில் முகம் பார்க்கிறோம், கடிதம் எதற்கு என்று நினைப்பாய், மன்னித்துக்கொள் சாமி. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் வைத்துவிடுகிறோம். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் நீ போட்டதை அப்பா சத்தமாகப் படித்துக் காட்டினார். குடிநீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் கோழிப் பண்ணைக்கார மயில்சாமி எருவைக் கொட்டுகிறார், மழை பெய்தால் தண்ணீர் நாறுகிறது, அதை அகற்றக் கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தாய். ஊரே கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தது. அந்த நம்பிக்கையில் அக்டோபர் கூட்டத்துக்குப் போனேன். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பாதிக்கு மேல் நாற்காலிகள் காலி. போதுமான ஆள் இல்லை, தீர்மானம் எடுக்க முடியாது என்று ஊராட்சிச் செயலர் எழுந்துவிட்டார். அந்த வழியாக பைக்கில் போன மயில்சாமி, "ஏனுங்க, பட்டதாரிப் புள்ளயோட அம்மா, கூட்டம் ஜாஸ்தியாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். வழியில் களை எடுத்துக்கொண்டிருந்த குஞ்சம்மாள் அத்தையிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அதான் போன்லயே கையத் தூக்கிட்டமில்ல சாமி, மறுக்கா வந்து எதுக்குத் தூக்கோணும்? உம்புள்ள அங்கிருந்தே பாத்துக்குவா" என்றார். பாதி ஊர் அப்படித்தான் நினைத்திருக்கிறது. உன்மேல் குறை சொல்லவில்லை, நீ எழுதாவிட்டால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. ஆனால் ஊரெல்லாம் உன் பேச்சாக இருக்கிறது, நீதான் இல்லை. வாக்காளர் பட்டியலில் இன்னும் என் பெயருக்கு அடுத்து உன் பெயர் இருக்கிறது, அதை நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

ஜனவரியில் குடியரசு நாளன்று மறுபடியும் கிராம சபை. இந்தத் தடவை வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறேன். என் சுபாவம் உனக்குத் தெரியும், சில வாசல்களில் கூப்பிடாமலே திரும்பிவிட்டேன். குஞ்சம்மாள் அத்தை மட்டும், "நீ எந்திரிச்சுப் பேசறதுன்னா வாரேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து என்ன பேசுவதென்று தாளில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

குலதெய்வம் உன்னைக் காக்கும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் தலைக்கு எண்ணெய் வை. போனில் கேட்க வாய் வராமல்தான் இவ்வளவும் எழுதினேன். லீவு கிடைத்தால் கிராம சபை அன்றைக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவாயா சாமி?

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
சரிதா